மலை ஊரில் கடல் விலாங்கு: அடையாளம் காண்பதிலிருந்து தொட்டியில் நிலைப்படுத்துவது வரை

உதகையில் கடல்நீர்த் தொட்டி வைத்து விலாங்கு வளர்க்க முடியுமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மீனை வாங்கிய பிறகுதான் கேட்கிறார்கள். கடலோர நகரங்களில் இருப்பவர்களுக்காக எழுதப்பட்ட குறிப்புகளை வரிக்கு வரி பின்பற்றியும் மீன் இறந்துபோகிறது. அந்தக் குறிப்புகள் குளிரையும், உயரத்தில் குறையும் காற்றழுத்தத்தையும், மழைக்காலத்தில் மரம் விழுந்து நின்றுபோகும் மின்சாரத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதவை. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். எந்த மீன் என்பதை முதலில் முடிவு செய்து, அதைக் கடைசியில் வாங்க வேண்டும். இடையில் குறைந்தது இரண்டு மாதம் கழியும்.

1. எது விலாங்கு என்று தெரிந்துகொள்ளுங்கள்

பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் விலாங்கு என்று மனிதர்களைச் சொல்வது வழக்கம். மீன் கடையில் அந்தச் சொலவடை நேர்ப்பொருளிலேயே பலித்துவிடுகிறது. நீளமாக நெளியும் எதையும் ‘ஈல்’ என்று சொல்லி விற்றுவிடுகிறார்கள். ஆகவே விற்பவர் சொல்லும் பெயரை விட்டுவிட்டு உடலைப் பாருங்கள்.

நம் நோக்கத்துக்கு ஏற்றவை மோரே விலாங்குகள். கடற்கரைப் பக்கத்தில் இவற்றை அஞ்சாலை என்பார்கள். இவற்றுக்கு மார்புத் துடுப்பு கிடையாது. தலைக்குப் பின்னால் இருபுறமும் சிறிய வட்டத் துளையாகச் செவுள் வாய் இருக்கும். முதுகுத் துடுப்பு நீண்டு, வாலைச் சுற்றி வந்து கீழ்த் துடுப்போடு சேர்ந்துவிடும். செதில் இல்லாத தோல் வழவழப்பாக இருக்கும்.

தலைக்குப் பின்னால் இரண்டு சிறு துடுப்புகள் விசிறிபோல் அசைந்தால் அது ஆற்று விலாங்காக இருக்கலாம். மூக்கு கூராக நீண்டு, முதுகில் முள் வரிசை இருந்தால் அது ஆரல், நன்னீர் மீன். வாயைச் சுற்றி மீசை இருந்தால் அது கடல் கெளுத்தி இனம். குட்டியாக இருக்கும்போது கருப்பில் வெள்ளைக் கோடுகளுடன் அழகாகத் தெரியும் இதன் துடுப்பு முள்ளில் நஞ்சு உண்டு, தொட்டியில் கைவிடும்போது குத்திவிடும்.

கருப்பு வெள்ளைப் பட்டைகளும் கூரிய கடினமான வால் நுனியும் கொண்டது பாம்பு விலாங்கு. அதைக் கடற்பாம்பு என்று எண்ணி அஞ்சுபவர்களும் உண்டு. கடற்பாம்பின் வால் துடுப்புக் கட்டைபோல் தட்டையாக இருக்கும், உடலில் செதில் இருக்கும், மூச்சு விட நீரின் மேல்மட்டத்துக்கு வரும். பாம்பு விலாங்கு பகல் முழுவதும் மணலுக்குள் புதைந்து கிடப்பது. ஒரு சாண் ஆழத்துக்கு மெல்லிய மணல் இல்லாமல் அதை வைத்திருக்க முடியாது. முதல் முறை வளர்ப்பவர் அதைத் தொட வேண்டாம்.

‘நன்னீர் மோரே’ என்று ஒன்று விற்பனைக்கு வரும். அது முகத்துவாரங்களில் வாழும் இனம். நன்னீரில் சில மாதங்கள் தாக்குப்பிடிக்கும், உணவைக் குறைத்துக்கொண்டே வரும், பிறகு இறந்துவிடும். அதற்கும் உப்புச் சேர்த்த நீர்தான் வேண்டும்.

2. பல்லைப் பார்த்து இனத்தைத் தேர்ந்தெடுங்கள்

மோரேக்களை நிறத்தை வைத்துத் தேர்ந்தெடுப்பது வழக்கம். நான் பல்லை வைத்துத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்வேன், ஏனென்றால் அது என்ன தின்னும், எதனோடு சேர்ந்து வாழும், உங்கள் கை எவ்வளவு பாதுகாப்பாக இருக்கும் என்ற மூன்றையும் பல்தான் தீர்மானிக்கிறது. பார்ப்பதும் எளிது. மோரேயின் செவுள் துளை சிறியதாக இருப்பதால், அது வாயைத் திறந்து மூடித்தான் நீரைச் செவுளுக்குத் தள்ளுகிறது. புதியவர்கள் அதைச் சீற்றம் என்று எண்ணிப் பின்வாங்குவார்கள். அது வெறும் மூச்சு. கைப்பேசியில் பக்கவாட்டிலிருந்து ஒரு காணொளி எடுத்து, நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

கூழாங்கல்போல் மழுங்கிய பற்கள் இருந்தால் நண்டும் இறாலும் உடைத்துத் தின்பது. ஊசிபோல் உள்நோக்கி வளைந்த பற்கள் இருந்தால் மீன் பிடித்துத் தின்பது.

முதல் விலாங்குக்கு என் தேர்வு ஸ்னோஃப்ளேக் மோரே. வெண்மையான உடலில் இரண்டு வரிசையாகக் கிளைவிட்ட கரும்புள்ளிகள், அவற்றுக்குள் மஞ்சள் பொட்டுகள், மஞ்சளான முன் நாசிக் குழல்கள் ஆகியவை இதன் அடையாளம். தொட்டியில் பெரும்பாலும் இரண்டு, இரண்டரை அடியில் நின்றுவிடும். கரும்பழுப்பில் மெல்லிய வெள்ளை வளையங்கள் கொண்ட வரிமோரேயும் மழுங்கிய பல் உள்ளது, குணமும் சாதுவானது. ஆனால் ஐந்தடி வரை வளரக்கூடியது.

வெண்மையில் கருந்திட்டுகள் தேன்கூடுபோல் பரவிய மோரே குட்டியாகக் கிடைக்கும்போது மனத்தை இழுக்கும். நம் கடலோரத்திலேயே பிடிபடுவது, விலையும் குறைவு. அது பத்தடி நெருங்கும் மீன் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். நாடாபோல் ஒல்லியான ரிப்பன் விலாங்கு கண்ணுக்கு எவ்வளவு அழகோ அவ்வளவு பிடிவாதமானது. அடைப்பில் பெரும்பாலும் உணவெடுக்காமலே மெலிந்து சாகும். அதை வாங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

3. தொட்டியும் தரையும்

ஒரு ஸ்னோஃப்ளேக்குக்கு நாலடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றரை அடி உயரம் போதும். உயரத்தைவிடத் தரைப்பரப்பு முக்கியம், ஏனென்றால் இந்த மீன் நீந்துவதைவிட ஊர்வதே அதிகம். இதில் சுமார் 300 லிட்டர் நீர் நிற்கும். கண்ணாடி, கல், மணல், தாங்கி எல்லாம் சேர்ந்து 400 கிலோவைத் தாண்டும். பழைய பங்களாக்களில் மரப்பலகைத் தரை இருந்தால், தொட்டியைச் சுவரோரமாக, உத்தரங்களுக்குக் குறுக்காக அமையும்படி வையுங்கள். முடிந்தால் சிமெண்டுத் தரை உள்ள அறைக்கே போய்விடுங்கள்.

பாறைகளை முதலில் அடிக்கண்ணாடியின் மேல் அசையாமல் அமர்த்தி, அதன் பிறகு மணலைப் போட வேண்டும். மணலின் மேல் பாறையை வைத்தால், விலாங்கு அடியில் தோண்டும்போது பாறை சரிந்து மீனையோ கண்ணாடியையோ நொறுக்கும். மீனின் உடலைவிடச் சற்று அகலமான பி.வி.சி. குழாய்த் துண்டுகள் இரண்டைப் பாறைகளுக்கு இடையே செருகி வையுங்கள். முழு உடலும் மறையும் இடம் கிடைக்காத விலாங்கு உணவெடுக்காது.

பாறை வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. கடலில் எடுத்த பவளப் பாறையை யாராவது மலிவாகத் தந்தால் வாங்காதீர்கள். பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்டவை. செயற்கைப் பீங்கான் பாறையே போதும்.

4. வெப்பம்: மலையில் இதுவே பாதி வேலை

இந்த மீன்களுக்கு 24 முதல் 26 டிகிரி வரை நிலையான வெப்பம் வேண்டும். சென்னையில் ஹீட்டரே தேவைப்படாத இதே தொட்டிக்கு, டிசம்பர், ஜனவரியில் இரவு அறை வெப்பம் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும் உதகையில் ஒரு ஹீட்டர் போதாது. 300 லிட்டருக்கு 300 வாட் ஹீட்டர்கள் இரண்டு வையுங்கள். ஒரே 600 வாட் ஹீட்டர் வைத்தால், அதன் வெப்பக் கட்டுப்பாடு (தெர்மோஸ்டாட்) அணையாமல் சிக்கிக்கொள்ளும் நாளில் மீன் வெந்துவிடும். இயங்காமல் போகும் நாளில் விறைத்துவிடும். இரண்டாகப் பிரித்தால் எது பழுதானாலும் மற்றது இடைவெளியை ஓரளவு ஈடுகட்டும், நீங்களும் கவனிக்க நேரம் கிடைக்கும்.

ஹீட்டரைத் தொட்டிக்குள் வெறுமையாகத் தொங்கவிடாதீர்கள். குளிர்ந்த இரவில் விலாங்கு அதைச் சுற்றிக்கொண்டு படுக்கும். செதில் இல்லாத தோல் வெந்து வெள்ளையாக உரியும். கீழே உள்ள வடிகட்டித் தொட்டியில், அதாவது சம்ப்பில், அதை வைப்பதே சரி. சம்ப் இல்லையென்றால் துளையிட்ட உறைக்குள் வையுங்கள்.

தொட்டியின் பின்புறம், இரு பக்கங்கள், அடிப்பகுதி ஆகியவற்றுக்கு ஓரங்குலத் தெர்மாகோல் ஒட்டுங்கள். முன்கண்ணாடிக்கு இரவில் ஒரு கம்பளி போதும். விருந்தினர் சிரிப்பார்கள்; மின்கட்டணம் குறையும்.

5. நீரையும் உப்பையும் கலக்குதல்

நீலகிரியின் நீர் பொதுவாக மென்மையானது, அது நமக்கு நல்லதே. குழாய் நீரானால் குளோரினை நீக்கும் மருந்து சேர்த்துக்கொள்ளுங்கள். சமையல் கல்லுப்பு உதவாது. அதில் பெரும்பகுதி சோடியம் குளோரைடு மட்டுமே, கால்சியமும் மக்னீசியமும் காரத்தன்மையைத் தாங்கும் பொருள்களும் தேவையான அளவில் இல்லை. கடல்மீன் தொட்டிக்கென விற்கும் உப்புக் கலவையை வாங்குங்கள். 300 லிட்டருக்கு ஏறக்குறைய 11 கிலோ பிடிக்கும்.

இந்த இடத்தில் மலைவாசிகள் இரண்டு தவறுகளைச் செய்கிறார்கள்.

முதல் தவறு, குளிர்ந்த நீரில் உப்புக் கரையத் தாமதமாகிறது என்று பாய்லரிலிருந்து வெந்நீர் பிடித்து ஊற்றுவது. நம் வீடுகளில் விறகில் காயும் பாய்லர் பெரும்பாலும் செம்பு. செம்பு கலந்த நீர் நண்டு, இறால், நத்தை இனங்களைக் கொல்லும்; விலாங்குக்கும் அது ஆகாது. நீரைப் பிளாஸ்டிக் தொட்டியில் நிரப்பி, உதிரி ஹீட்டரைப் போட்டு 25 டிகிரிக்குக் கொண்டுவந்த பிறகு உப்பைச் சேர்த்து, ஒரு பம்ப்பை ஓடவிட்டு ஒரு நாள் கலக்குங்கள்.

இரண்டாம் தவறு, நீரின் அடர்த்தியை வைத்து உப்பின் அளவைக் காட்டும் ஹைட்ரோமீட்டரைக் குளிர்ந்த நீரிலேயே மிதக்கவிட்டு அளப்பது. குளிர்ந்த நீரின் அடர்த்தி அதிகம் என்பதால், 25 டிகிரிக்கெனச் செய்யப்பட்ட கருவி 14 டிகிரி நீரில் உப்பைக் கூட்டிக் காட்டும். அந்த அளவை நம்பி நிறுத்தினால் லிட்டருக்கு 3, 4 கிராம் உப்பு குறைந்துபோயிருக்கும். நீர் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்து, கருவி காட்டும் ஒப்படர்த்தி 1.023க்கும் 1.025க்கும் இடையில் இருக்கும்படி பாருங்கள்.

6. பிராணவாயு

உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் நாலில் மூன்று பங்குக்குச் சற்றுக் கூடுதல்தான். நீரில் கரையும் பிராணவாயுவும் அதே விகிதத்தில் குறையும்: 25 டிகிரி கடல்நீர் கடலோரத்தில் லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் வரை தாங்கும் என்றால், இங்கே 5 மில்லிகிராமை ஒட்டித்தான் நிற்கும். எத்தனை பம்ப் வைத்தாலும் இந்த உச்சவரம்பை உயர்த்த முடியாது. நம்மால் முடிந்தது, நீரை எப்போதும் அந்த வரம்பின் அருகிலேயே வைத்திருப்பது.

அதற்காக நீர்ப்பரப்பு ஓயாமல் கலைந்துகொண்டிருக்கும்படி ஒரு பம்ப்பின் வாயை மேல்நோக்கித் திருப்புங்கள். புரதக் கழிவை நுரையாக வெளியேற்றும் ஸ்கிம்மர் ஒன்று அவசியம். அது நீரைக் காற்றோடு கலப்பதால் இரட்டைப் பயன் தரும். மீன் எண்ணிக்கையையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

கணப்பு மூட்டும் அறையிலும் கரியடுப்பு வைக்கும் அறையிலும் தொட்டி வேண்டாம். குளிருக்குச் சன்னலை அடைத்துவிட்டு நாம் மூச்சு விடும் அறையிலேயே கரியமில வாயு கூடி, நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு இரவில் இறங்கும். இதில் புகையும் சேர்ந்தால் காற்றுப் பம்ப் அதையெல்லாம் இழுத்து நீருக்குள் கொடுத்துவிடும்.

7. தொட்டியைப் பழக்குதல்

மீனின் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிரிகள் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவும் 25 டிகிரி நீரில். ‘மீன்தான் இல்லையே’ என்று ஹீட்டரை அணைத்து வைத்துப் பழக்குபவர்களுக்கு இரண்டு மாதம் கழித்தும் அம்மோனியா இறங்காது. குளிரில் அந்த உயிரிகளும் மந்தமாகிவிடும்.

மீன் இல்லாமலே அம்மோனியா வருவதற்காக ஒரு துண்டு இறாலை வலைத்துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். அம்மோனியா ஏறி இறங்கி, நைட்ரைட்டும் ஏறி இறங்கி, இரண்டும் சுழியம் காட்டிய பிறகு ஒரு வாரம் காத்திருங்கள்.

8. மூடி

விலாங்கு இறப்பதற்கு நோயைவிடத் தரைதான் அதிகக் காரணம். தலை நுழையும் இடைவெளி கிடைத்தால் உடல் தானாக நுழைந்துவிடும். முதல் சில இரவுகளில் அது எல்லா மூலைகளையும் மூக்கால் துழாவிப் பார்க்கும். ஒரு டிசம்பர் விடியலில் என்னுடைய ஸ்னோஃப்ளேக் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில், உடலெல்லாம் தூசியும் தலைமுடியும் ஒட்டி, ஈரத்துணியை முறுக்கிப் போட்டதுபோல் கிடந்தது. மின்கம்பி போவதற்காக மூடியின் ஓரத்தில் நான் வெட்டியிருந்த இடைவெளி இரண்டு விரல் அகலம்தான். குளிர்ந்த ஈரக் காற்றும் தோலின் கோழையும் சேர்ந்து அதைக் காப்பாற்றின. தொட்டி நீரில் அலசி, பம்ப்பின் எதிரே பிடித்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் வாய் அசைந்தது. வெளியே கிடக்கும் விலாங்கைச் செத்துவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள்.

வெப்பம் போகக் கூடாது என்று முழுக் கண்ணாடியால் மூடினால் காற்றோட்டம் நின்று, ஆறாம் படியில் செய்ததெல்லாம் வீணாகும். பாதிக் கண்ணாடி, பாதி நெருக்கமான பிளாஸ்டிக் வலை என்று அமைத்து, சட்டத்தோடு கிளிப் போட்டு இறுக்குங்கள். வெறுமனே வைத்த மூடியை இரண்டடி விலாங்கு தூக்கிவிடும். கம்பி, குழாய் போகும் துளைகளைப் பஞ்சால் அடையுங்கள். சம்ப்புக்கு நீர் வழியும் வாயிலும் வலை வேண்டும்.

சோதிக்க ஒரு வழி: உங்கள் மீனின் தலை அளவுக்கு ஒரு மெழுகுவத்தியை எடுத்து, மூடியின் ஓரம் முழுவதும் நுழைத்துப் பாருங்கள். எங்கே நுழைகிறதோ அங்கே அடையுங்கள்.

9. வாங்குதலும் மலையேற்றமும்

கடையில் மீன் உணவெடுப்பதைக் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். தோலில் வெண்திட்டு, மூக்கில் புண், தலைக்குப் பின்னால் ஒட்டிப்போன உடல் இருந்தால் விட்டுவிடுங்கள்.

சென்னை கொளத்தூரில் வாங்கி நீலகிரி எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் வந்து, மேட்டுப்பாளையத்தில் இறங்கி மலையேறுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கீழே இறுக்கமாகக் காற்றடைத்த பை, மேலே வரும்போது அழுத்தம் குறைந்து நாலில் ஒரு பங்குக்கு மேல் உப்பும். கட்டு அவிழும் அல்லது பை கிழியும். பையைத் தளர்வாகவே கட்டச் சொல்லுங்கள். இன்னும் நல்லது, இறுகிய மூடியுள்ள வாளியில் மின்கல ஏர்பம்ப்போடு கொண்டுவருவது. மலையில் பிளாஸ்டிக் பையைக் குறைத்த புண்ணியமும் சேரும். எதுவானாலும் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து, வண்டியின் சன்னலை மூடிக்கொள்ளுங்கள்.

10. தொட்டியில் விடுதல்

சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீரைக் கலந்து பழக்கும் முறை சரியானதுதான். ஆனால் மலையில் வாளியைத் தரையில் வைத்து ஒரு மணி நேரம் சொட்டவிட்டால், வாளி நீர் 15 டிகிரிக்கு இறங்கிவிடும். மீனைப் பழக்குவதாக எண்ணிக்கொண்டு குளிரவைத்துக்கொண்டிருப்போம். வாளியைத் தெர்மாகோல் பெட்டிக்குள் வையுங்கள், வெப்பமானியை அதற்குள்ளேயே போட்டு வையுங்கள். 40 நிமிடத்துக்கு மேல் இழுக்கவும் வேண்டாம். நெடும்பயணம் வந்த பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறி, பி.எச். உயர்ந்து, அந்த நீரில் சேர்ந்திருக்கும் அம்மோனியாவின் நஞ்சும் கூடும்.

வலையால் பிடிக்காதீர்கள், பல் சிக்கும், கோழை உரியும். குழாய்த் துண்டுக்குள் மீனை நுழையவிட்டு, இரு முனையையும் பொத்தித் தூக்கி வையுங்கள். வாளி நீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். விளக்கை மறுநாள் வரை அணைத்து வையுங்கள்.

11. உணவு

முதல் இரண்டு மூன்று வாரம் சாப்பிடாமல் இருக்கலாம். பதற்றத்தில் தினமும் இறாலைப் போட்டு நீரைக் கெடுப்பதுதான் உண்மையான ஆபத்து. மாலையில் விளக்கணைத்த பின், நீண்ட பிளாஸ்டிக் இடுக்கியில் ஒரு சிறு துண்டைப் பிடித்துக் குகை வாயருகே அசையுங்கள். ஐந்து நிமிடத்தில் எடுக்காவிட்டால் துண்டை வெளியே எடுத்துவிடுங்கள்.

இறால், நண்டு, கணவாய் ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுங்கள். ஒரே வகையையே கொடுத்தால் வைட்டமின் குறைபாடு வரும், ஏனென்றால் சில இறால், மீன் வகைகளில் பி1 வைட்டமினை அழிக்கும் பொருள் உண்டு. நம் ஊர்ச் சந்தைக்கு ஐஸில் ஏறி வருவதை நன்றாகக் கழுவி, உப்போ மசாலாவோ படாமல், விரல்நுனி அளவு நறுக்கி உறைய வையுங்கள். வளரும் மீனுக்கு வாரம் மூன்று முறையும், வளர்ந்ததற்கு இரண்டு முறையும் போதும். மறுநாள் ஸ்கிம்மரைச் சுத்தம் செய்யுங்கள். நீரில் பத்தில் ஒரு பங்கை வாரந்தோறும் மாற்றுங்கள். புது நீரும் 25 டிகிரியில் இருக்க வேண்டும்.

விரலால் ஊட்டிக் காட்டுவது வேடிக்கைக்குக்கூட வேண்டாம். இதற்குக் கண் மங்கல், மூக்குதான் கூர்மை. இறால் வாடை படிந்த விரலும் இறாலும் அதற்கு ஒன்றே. மோரேயின் தொண்டைக்குள் இரண்டாவதாக ஒரு தாடை உண்டு, இரையைக் கவ்வி உள்ளே இழுப்பது அதுதான் என்று 2007இல் ஆய்வாளர்கள் படம் பிடித்தே காட்டினார்கள். கடித்துவிட்டால் கையை வெடுக்கென்று இழுக்காமல், நீருக்குள்ளேயே அசையாமல் வைத்திருந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். இழுத்தால் சதை கிழியும். பிறகு கழுவிக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

நோய் வந்தால் செம்பு கலந்த மருந்தைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். காரணம் முன்பே சொன்னதுதான்.

12. மின்தடைக்கு ஆயத்தம்

தென்மேற்குப் பருவமழையில் உதகை, கூடலூர்ப் பக்கமும், வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கமும் மரம் விழாத வாரம் அரிது. மண் சரிந்து மேட்டுப்பாளையம் சாலை அடைபட்டால் கீழிருந்து எதுவும் வராது. அதனால் இருபது கிலோ உப்பு, ஒரு மாத உணவு, ஓர் உதிரி ஹீட்டர், இரண்டு மின்கல ஏர்பம்ப் ஆகியவை எப்போதும் வீட்டில் இருக்க வேண்டும்.

மின்சாரம் நின்றதும் முதல் வேலை ஏர்பம்ப்பைப் போடுவது, இரண்டாவது தொட்டியைக் கம்பளியால் போர்த்துவது. இன்வெர்ட்டரில் பம்ப்பை மட்டும் இணையுங்கள். ஹீட்டர் அதன் மின்கலத்தைச் சீக்கிரமே குடித்துவிடும். தெர்மாகோல் ஒட்டிய என் தொட்டி, ஜனவரி இரவில் நாலு மணி நேரத்துக்கு இரண்டு டிகிரிதான் இறங்குகிறது. அதை மீன் தாங்கும். அதற்கும் மேல் நீண்டால் இறுக மூடிய பாட்டில்களில் வெந்நீர் நிரப்பி மிதக்கவிடுங்கள். வெந்நீரை நேராக ஊற்ற வேண்டாம்.

மின்சாரம் வந்ததும் வெப்பத்தை ஒரே மூச்சில் ஏற்றாமல், ஹீட்டரை அப்போதைய நீர் வெப்பத்தைவிட இரண்டு டிகிரி கூடுதலாக வைத்து, அது நிலைத்த பிறகு அடுத்த இரண்டு டிகிரிக்குப் போங்கள். மறுநாள் உணவு வேண்டாம். அம்மோனியாவை அளந்து, சுழியம் காட்டிய பிறகு ஒரே ஒரு துண்டு இறாலில் தொடங்குங்கள்.